அறை போனால் போகட்டும், அலுமாரியை ஏன் பூட்டுகிறீர்கள்?

நவம்பர் வந்தால் திருகோணமலைப் பாடசாலைகளில் முதலில் கண்ணில் படுவது நூலக அறைதான். பரீட்சையென்றால் விடைத்தாள் கட்டும் இடம். வெள்ளமென்றால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் பாய் விரிக்கும் இடம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறையோடு சேர்த்து இரவல் கொடுப்பதையும் தை வரைக்கும் நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் பிழை.

பரீட்சைத் திகதி முன்கூட்டியே தெரியும். இரண்டு கிழமைக்கு முன்னரே ஆளுக்கு ஒன்று என்ற எல்லையை மூன்றாக்குங்கள். 400 பிள்ளைகள் மேலதிகமாக இரண்டிரண்டு எடுத்தால் 800 புத்தகத்துக்குப் பெட்டியும் வேண்டாம், இடமும் வேண்டாம். வெள்ளத்துக்கு இது சரிவராது. 2025 டித்வா புயலின்போது மாவிலாற்றுக் குளக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் பாய்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தாழ்நிலத்துப் பிள்ளையின் வீட்டைவிடப் பாடசாலையின் மேல்மாடி பாதுகாப்பு. மாடி இல்லாவிட்டால் ஐப்பசிக்குள் றாக்கையின் கீழிரண்டு தட்டுகளையாவது காலியாக்குங்கள்.

மிஞ்சுவதை வகுப்புக் கூடைகளாக்கலாம். மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடை போதும். 35 பிள்ளைகளுக்கு 45 புத்தகம். சரியாக 35 வைத்தால் கடைசியாக வரும் பிள்ளைக்குத் தெரிவே இராது. 45 புத்தகம் 10 கிலோவைத் தாண்டும், ஆகவே இரண்டு கூடையாகப் பிரியுங்கள். புத்தகங்களை நிமிர்த்தி வையுங்கள்; படுக்கவைத்தால் அடியில் கிடப்பதை ஒருவரும் தொடமாட்டார்கள். இரண்டு கிழமைக்கொருமுறை, எல்லா வகுப்பிலும் ஒரே நாளில், 6அ கூடை 6ஆவுக்கு என்று மாற வேண்டும். ஒன்றிரண்டு புத்தகம் வராவிட்டாலும் கூடை போகட்டும், பிந்தி வருவது நூலகரிடம் சேரட்டும். அதற்காகக் காத்திருந்தால் பின்னால் உள்ள வகுப்பெல்லாம் பழைய கூடையோடே இருக்கும்.

சாரலுக்குப் பொலித்தீன் போர்த்தலாம், சுற்றிக் கட்டக்கூடாது. கடற்காற்றின் ஈரம் உள்ளே அடைபட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெறும் நிலத்தில் வைத்தால் கறையான். நனைந்ததை வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்துவிடும். தாள்களை விரித்து நிமிர்த்தி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வழுவழுப்பான படத்தாள் காய்ந்தபின் பிரியாது, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலே பூஞ்சணம் தொடங்கிவிடும்.

இவ்வளவும் தெரிந்தும் பூட்டுகிறார்கள் என்றால், அது சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். வருட இறுதிக் கணக்கெடுப்பில் குறையும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதில் சொல்லப்போவது நூலகப் பொறுப்பாசிரியர் ஒருவர்தான். அந்தப் பயத்தைத் தீர்க்காமல் அவரிடம் தாராளமாகக் கொடுங்கள் என்பது நியாயமில்லை. ஒவ்வொரு கூடைக்கும் பதிவிலக்கத்தோடு இரண்டு பட்டியல் எழுதி, வகுப்பாசிரியரும் அதிபரும் கையொப்பமிடட்டும்; ஒன்று கூடையில், ஒன்று நூலகரிடம். கிழிந்து தொலைவதற்கென்று நூற்றுக்கு இரண்டு மூன்றை அதிபர் முன்னரே எதிர்பார்த்துப் பேசிவைத்தால் இன்னும் நல்லது.

அறையைக் காலிசெய்யுமுன் ஒவ்வொரு தட்டையும் தொலைபேசியில் படமெடுங்கள், திரும்ப அடுக்குவது ஒரு நாளில் முடியும். பதிவேடு மட்டும் எந்தக் கூடைக்குள்ளும் போகக்கூடாது. அது அதிபரின் இரும்பு அலுமாரியில், மேல்தட்டில்.