வாரம் பெர்சியைக் காலி செய்தது கொள்ளைநோய் அல்ல

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமம் 1349 கொள்ளைநோயில் அழிந்தது, தேவாலயமும் அதோடு பாழானது என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு. நோய்க்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். 1500 வாக்கில்தான் ஆட்டு மேய்ச்சலுக்காகக் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். நிலக்காரர்களின் பேராசையை நோயின் தலையில் கட்டுவது அநியாயம்.

தேவாலயமோ ஊர் போன பிறகும் பங்குக் கோயிலாகவே இருந்தது. பக்கத்து ஊரான திக்சன்டேல்காரர்கள் 1870இல் தங்களுக்கென ஒன்று கட்டும்வரை இங்கேதான் நடந்து வந்தார்கள். ஆட்கள் குறைந்ததும் தேவாலயத்தின் பக்கக்கூடங்களை இடித்து, அவற்றுக்குத் திறந்திருந்த வளைவுகளை அடைத்துவிட்டார்கள். சுவரில் அந்த வளைவுகள் இன்றும் தெரியும். கடைசி வழிபாடு 1949இல். கோபுரத்தில் பாதி சரிந்தது அப்புறம்தான், 1959இல்.