மாட்டுக்கு எதுக்குடா ரம்பம்?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் பல வருஷமாக ஒரு படம் ஒட்டியிருக்கிறது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, கறுப்பெல்லாம் சாம்பலாகிப்போன துண்டுக் காகிதம். செலோடேப் மஞ்சளடித்து ஓரத்தில் பிரிந்துகொண்டிருக்கிறது. படத்தில் ஒரு பசு இரண்டு காலில் நிற்கிறது. முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் நான்கு சாமான்கள். கீழே இரண்டே சொல்: ‘பசுவின் கருவிகள்’. வேறொன்றும் இல்லை.

அப்பா எங்களோடு வந்து தங்கியிருந்த சமயம், தண்ணீர் எடுக்கப் போனவர் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் அதன் முன்னால் நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்க மாடு வைத்திருந்த மனுஷர். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“என்ன கண்ணு இது?”

“ஒரு ஜோக்குங்கப்பா.”

“இது ரம்பமாட்டம் இருக்குது.”

“ஆமாங்கப்பா.”

“மாட்டுக்கு எதுக்குடா ரம்பம்?”

என்னிடம் பதில் இல்லை. ராத்திரி சாப்பாட்டில் அவரே ஒரு விளக்கத்தோடு வந்தார். ரம்பம் கொம்பு சீவ. பக்கத்தில் இருப்பது லாடம் அடிக்கிறவன் வைத்திருக்கிற ஏதோ ஒன்று. மற்ற இரண்டும்தான் பிடிபடவில்லை. மறுநாள் காலை காப்பி டம்ளரோடு மறுபடியும் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். “வெள்ளைக்காரன் ஊர்ல மாட்டுக்கு வேற மாதிரி சாமான் இருக்குமோ?”

1982 அக்டோபரில் அமெரிக்காவில் ஏகப்பட்ட பேர் இதே வேலையில் இறங்கியிருந்தார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

வரைந்தவர் கேரி லார்சன். தொடரின் பெயர் ‘தி ஃபார் சைட்’. நாளுக்கு ஒரே ஒரு கட்டம், அதில் ஒரு படம், பெரும்பாலும் அடியில் ஒரு வரி. தொடர்கதை கிடையாது, நிலையான கதாநாயகன் கிடையாது. பசுக்கள், குகை மனிதர்கள், விஞ்ஞானிகள், தேன்கூடு மாதிரி கொண்டை போட்டு, கண்ணே தெரியாத கண்ணாடி அணிந்த பெண்கள், இவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். இந்தப் பசுப் படம் பத்திரிகைகளில் வெளியானதும் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இதற்கு என்ன அர்த்தம்? கடைசியில் லார்சனே உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது.

விளக்கம் ரொம்ப எளிமையானது. கருவி செய்கிற மிருகம் மனிதன் மட்டும்தான் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சில குரங்கினங்களும் பறவைகளும் அதைச் செய்கின்றன என்று தெரியவந்தது. சரி, பசு செய்தால் எப்படி இருக்கும்? மட்டமாகத்தான் இருக்கும். அதுதான் ஜோக். ஆனால் நான்கில் ஒன்று ரம்பம் போலவே அமைந்துவிட்டது. அது ரம்பம் என்றால் மற்ற மூன்றுக்கும் ஏதாவது பெயர் இருந்தாக வேண்டுமே என்று ஜனங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அப்பா விழுந்ததும் அதே குழியில்தான்.

இந்தப் படம் தோற்றுப்போன ஜோக் என்பதுதான் பொதுவான தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. லார்சனின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் சிரிப்பு வருவதற்கு முன் இரண்டு மூன்று நொடி ‘என்னடா இது?’ என்று ஒரு தவிப்பு வரும். மற்ற படங்களில் சிரிப்பு வந்து அந்தத் தவிப்பை அழித்துவிடுகிறது. இந்தப் படத்தில் சிரிப்பு வந்து சேரவே இல்லை. தவிப்பு மட்டும் நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது. இந்த மாதிரி கார்ட்டூன்களுக்கு ஆயுசைக் கொடுப்பது அந்தத் தவிப்புதான் என்று நினைக்கிறேன். சிரிப்பு கொசுறு.

இன்னொரு படம் சொல்கிறேன். இரண்டு மான்கள் நிற்கின்றன. ஒரு மானின் நெஞ்சில் வட்டத்துக்குள் வட்டமாக, துப்பாக்கி சுடப் பழகும் பலகையில் இருக்குமே, அந்தக் குறி. பிறவி மச்சம். ‘பாவம்டா, உனக்குப் போய் இப்படி ஒரு மச்சமா’ என்கிற தோரணையில் மற்ற மான் ஆறுதல் சொல்கிறது. (நம் ஊரில் மச்சக்காரன் என்றால் அதிர்ஷ்டக்காரன். அந்த மானிடம் யாராவது இதைச் சொன்னால் முட்டித் தள்ளியிருக்கும்.) கவனியுங்கள், வேட்டைக்காரன் படத்தில் இல்லை. துப்பாக்கி இல்லை. அவனைத் துப்பாக்கியோடு கூட்டிவருவது நாம்தான். படம் போட்டவர் பாதி வேலையைச் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார், கொலையை நம் தலையில் கட்டிவிட்டு.

மூன்று நான்கு கட்டம் இருந்தால் இது நடக்காது. முதல் கட்டத்தில் மான், இரண்டாவதில் பேச்சு, மூன்றாவதில் ‘டமால்’ என்று எல்லாவற்றையும் ஊட்டிவிடலாம். ஒரே கட்டம் என்றால் ஊட்ட முடியாது. எதையாவது வெளியே விட்டாக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் ஆளின் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

‘எலும்பில்லாத கோழிப் பண்ணை’ என்று ஒரு படம். வேலிக்குள் கோழிகள் ஈரத் துணி மாதிரி துவண்டு கிடக்கின்றன. பிரியாணிக் கடையில் ‘ஒரு போன்லெஸ்’ என்று சொல்லிப் பழகிய எவருக்கும் இதை விளக்க வேண்டாம். ஆனால் பார்த்தபிறகு அந்தச் சொல் பழைய மாதிரி வாயில் வருவதில்லை. எனக்கு வருவதில்லை.

நாம் பத்திரிகை ஜோக் படித்து வளர்ந்தவர்கள். நம் வார இதழ்களில் டாக்டர் ஜோக், மாமியார் ஜோக், திருடன் ஜோக் எல்லாம் பெரும்பாலும் வாசகர் தபாலில் எழுதி அனுப்பிய வசனம். ஓவியர் அதற்கு இரண்டு பேரை வரைவார். படத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தாலும் ஜோக் ஓடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது வேறு கலை, காதால் கேட்கிற கலை. லார்சனிடம் படத்தை மறைத்தாலும் போச்சு, வரியை மறைத்தாலும் போச்சு.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரப் பத்திரிகையில் நடந்த கூத்து தெரியவந்தது. அங்கே ஃபார் சைடும், குறும்புக்காரப் பையன் ‘டென்னிஸ் தி மெனஸ்’ கார்ட்டூனும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஒரு நாள் அடிவரிகள் இடம் மாறி அச்சாகிவிட்டன. லார்சன் வரைந்தது, சாப்பாட்டு மேஜையில் வெள்ளெலியைப் பார்த்து ‘திரும்பவும் வெள்ளெலியா’ என்று அலுத்துக்கொள்ளும் பாம்புக் குட்டி. அந்த வரி, சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த டென்னிஸின் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. டென்னிஸின் சாண்ட்விச் வசனம் பாம்புக்கு வந்தது. வெள்ளெலி தின்கிற டென்னிஸ்! இது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை நடந்திருக்கிறது. மாறியபிறகு இரண்டு கார்ட்டூனுமே முன்னைவிட நன்றாக இருந்ததாக லார்சனே ஒப்புக்கொண்டார். பொருந்தாத இரண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டால் மீதியை நம் மண்டை பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல பரிசோதனை ஏது?

நான் லார்சனிடம் வந்து சேர்ந்தது பத்திரிகை வழியாக இல்லை. பூச்சியியல் படிக்க அமெரிக்கா போனபோது எங்கள் ஆய்வகக் கதவு முழுக்க இந்தப் படங்கள்தான். ஆய்வகத்துக்கு வெளியே காத்திருந்து காத்திருந்தே பாதியைப் படித்தேன். ஃப்ரிட்ஜில் இருப்பது அந்தக் கதவிலிருந்து ஜெராக்ஸ் எடுத்ததுதான். விஞ்ஞானிகளை இவ்வளவு கிண்டல் செய்த ஆளை விஞ்ஞானிகள் ஏன் இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்? அவர் விஷயம் தெரிந்து கிண்டல் செய்தார் என்பதே என் பதில். சின்ன வயசிலிருந்து பாம்பு, தவளை என்று அலைந்தவர்.

தெரியாமல் செய்தபோது மாட்டிக்கொண்டார். ஒரு படத்தில் ஆண் கொசு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அன்றைய களைப்பைச் சொல்கிறது. ரத்தம் குடிப்பது பெண் கொசுதான், ஆண் குடிக்காது என்று கடிதங்கள் பறந்தன. நானும் அந்தக் கட்சிதான், கதவில் பார்த்த உடனே அதைத்தான் சொன்னேன். கொசு வீடு கட்டிக் குடித்தனம் நடத்துவதும் இங்கிலீஷ் பேசுவதும் யாருக்கும் உறுத்தவில்லையே என்று லார்சன் வியந்தார். நியாயமான வியப்பு. ஆனால் உறுத்தியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கிறுக்குத்தனத்துக்கு ஒரு பொய்தான் அனுமதி. அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மெய்யாக இருந்தால்தான் பொய் ஜொலிக்கும்.

அதே 1982-இல் இன்னொரு படம். குகை மனிதர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசரின் வாலிலுள்ள முட்களைக் காட்டி, இதற்குப் பெயர் ‘தாகோமைசர்’, மறைந்த தாக் சிம்மன்ஸ் நினைவாக வைத்தது என்கிறார் வாத்தியார். தாக் எப்படி மறைந்தார் என்று சொல்லவே வேண்டாம், மானுக்கு வந்த வேட்டைக்காரன் மாதிரி அதையும் நாமே வரைந்துகொள்கிறோம். வேடிக்கை என்னவென்றால் அந்த முட்களுக்கு அதுவரை தனிப்பெயர் இல்லை. கென் கார்ப்பென்டர் என்ற தொல்லுயிரியலாளர் 1993-இல் ஒரு மாநாட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், அதுவே நிலைத்துவிட்டது. ஆந்தையின் மேல் வாழும் ஒரு பேனுக்கு ‘ஸ்ட்ரிகிஃபிலஸ் கேரிலார்சனி’ என்று பெயர் வைத்தார்கள். பேன் என்று முகம் சுளிக்காதீர்கள், எங்கள் துறையில் இதைவிடப் பெரிய மாலை மரியாதை கிடையாது.

ஜேன் குட்டால் கதை இன்னும் ருசி. 1960-இல் டான்சானியாவின் கோம்பே காட்டில், சிம்பன்சிகள் குச்சியில் இலையை உருவிவிட்டுக் கரையான் புற்றுக்குள் விட்டு எடுப்பதைப் பார்த்துச் சொன்னவர் அவர். கருவி செய்வது மனிதன் மட்டுமே என்ற பேச்சை முதலில் ஆட்டிவைத்தது அந்தச் செய்திதான். அந்த வகையில் பசுவின் மேஜைக்கும் அவருக்கும் தூரத்து உறவு உண்டு. 1987-இல் லார்சன் ஒரு படம் போட்டார்: பெண் சிம்பன்சி தன் ஜோடிக்குப் பேன் பார்க்கும்போது ஒரு பொன்னிற முடி சிக்குகிறது, அந்த ஜேன் குட்டாலோடு மறுபடியும் ‘ஆராய்ச்சி’யா என்று வெடுக்கென்று கேட்கிறது. குட்டால் அப்போது ஆப்பிரிக்காவில் இருந்தார். அவர் பெயரிலான நிறுவனத்திலிருந்து காட்டமாக வக்கீல் கடிதம் போனது. விஷயம் தெரிந்ததும் குட்டால் சிரித்துவிட்டார். பிறகு அந்தப் படம் போட்ட டி-ஷர்ட் விற்ற லாபம் அவர் நிறுவனத்துக்கே போனது. லார்சனின் தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரையும் எழுதிக்கொடுத்தார். லார்சன் கோம்பேவுக்குப் போனபோது ஃப்ரோடோ என்ற முரட்டுச் சிம்பன்சி அவரைத் தாக்கியது தனிக்கதை. வக்கீல்கள் விட்டதை ஃப்ரோடோ விடவில்லை போல.

எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். நாலாயிரத்துக்கு மேல் வரைந்திருக்கிறார், அதில் சொத்தையும் உண்டு. பருமனான பெண்களை வைத்துச் செய்த சில ஜோக்குகள் இன்று பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதே 1982-இல் வந்த அரசியல் கார்ட்டூன் ஒன்றை எடுங்கள். யார் அந்த மூக்கு, எது அந்த ஊழல் என்று பக்கத்தில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். மானுக்கும் போன்லெஸ் கோழிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொன்று, நிறுத்தத் தெரிந்த ஆள். 1980 புத்தாண்டை ஒட்டி சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையில் தொடங்கியவர், 1,900-க்கு மேற்பட்ட பத்திரிகைகள் போட்டுக்கொண்டிருந்தபோதே 1995 ஜனவரி 1-இல் முடித்துக்கொண்டார். தினம் ஒரு கிறுக்கு யோசனை என்பது சாமானியம் இல்லை, வாரம் ஒரு பதிவுக்கே எனக்கு நாக்குத் தள்ளுகிறது. 2020-இல் டிஜிட்டல் டேப்லட்டில் விளையாடிப் பார்த்து சில புதுப் படங்கள் வெளியிட்டார். வண்ணமெல்லாம் அழகாக இருக்கிறது. என் ஓட்டு அந்தப் பழைய மசிக் கோட்டுக்குத்தான்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது ஒரு செய்தி. ஆஸ்திரியாவில் வெரோனிகா என்று ஒரு பசு. நீளக் கைப்பிடி வைத்த பிரஷ்ஷை வாயில் கவ்வித் தூக்கி, உடம்பைச் சொறிந்துகொள்கிறது. முதுகுக்கு முள் பக்கம், மென்மையான அடிவயிற்றுக்குக் கைப்பிடிப் பக்கம். வியன்னா ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து, 2026 ஜனவரியில் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் கட்டுரை போட்டிருக்கிறார்கள். ஆக, பசுவுக்குக் கருவி வந்தே விட்டது.

வீடியோவை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன்.

“பார்த்தேன். முதுகு சொறியத்தானே? நம்ம செவலை வேப்பமரத்துல தேய்ச்சுக்கும், அதுக்கு எவன் வந்து கட்டுரை எழுதினான்?”

“மரத்துல தேய்க்கிறது வேறங்கப்பா. இது எடுத்துப் பிடிச்சுச் செய்யுது.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

“அது சரி கண்ணு. அந்த ரம்பம் எதுக்குன்னு கண்டுபிடிச்சாங்களா?”