பிளாஸ்டிக் ஸ்டூலும் தகடூரும்

போன மாதம் சென்னையிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். ஒகேனக்கல் போகிற வழியில் எங்கள் வீட்டில் காலை டிபன். கை கழுவும்போதே கேட்டார்: "தர்மபுரியில பாக்க என்ன மாமா இருக்கு?"

கோட்டைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். மல்லிகார்ஜுனேசுவரர் கோயிலில் தரையைத் தொடாமல் நிற்கும் தூணுக்கு அடியில் கைக்குட்டையை விட்டு அந்தப் பக்கம் இழுத்தார். பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் இருக்கும். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ்வளவுதானா மாமா?" என்றார்.

அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. நாற்பத்தாறு கிலோமீட்டர் போய் அருவி பார்க்க வேண்டிய அவசரம் அவருக்கு. ஆனால் அந்த "அவ்வளவுதானா" காலில் குத்திய நெருஞ்சி முள் மாதிரி இன்னும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதிவு. படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் தாராளமாகத் தள்ளிக்கொண்டு போகலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை நானும் மச்சான் ஜாதிதான். பிறந்ததிலிருந்து இதே ஊர், ஆனால் கோட்டைக் கோயிலில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. அப்புறம் நாலு ரோடு பக்கம் வண்டியோடு விழுந்தேன். மூட்டு போச்சு. டாக்டர், "நடங்க, ஆனா மெதுவா நடங்க, குத்துக்கால் போட்டு உக்காராதீங்க" என்றார். குனியவும் முடியாது, குந்தவும் முடியாது. கால் கடுத்தால் உட்கார்ந்துகொள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்ப ஆரம்பித்தேன்.

அந்த ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த இடத்தில்தான் எனக்கு ஊர் தெரிய ஆரம்பித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரின் பழமை நிமிர்ந்து பார்க்கிற உயரத்தில் இல்லை, முழங்கால் உயரத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்க்காரர்கள் கழுத்தைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்க்கட்டும். இங்கே வந்தால் உட்கார வேண்டும்.

கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சந்நிதியைச் சுற்றி வாருங்கள். அடித்தளத்தில் வரிசையாக ராமாயணம் ஓடுகிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் மறைந்துவிடுகிற அளவுச் சிற்பங்கள். பிரதட்சணம் சுற்றுகிறவர்களின் கணுக்காலும் புடவைக் கரையும்தான் அவற்றை உரசிக்கொண்டு போகின்றன, கண் போவதில்லை. முதல் நாள் நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு குரங்கையே பார்த்துக்கொண்டிருந்தபோது பூ விற்கும் அம்மா, "காலைல வெயில் சாய்வா விழும்போது வா கண்ணு, உச்சிக்கு வந்தா ஒண்ணும் தெரியாது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. சாய்வெயிலில் ஒவ்வொரு உருவத்துக்கும் ஓரமாக ஒரு நிழல் விழுகிறது. வில் வில்லாகவும் வால் வாலாகவும் பிரிந்து நிற்கிறது. வெயில் ஏறிவிட்டால் மறுபடி வெறும் கல். (இன்னொரு நாள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது வெளியூர்க்காரர் ஒருவர், செருப்பு விட எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். ஸ்டூல் செய்த வேலை.)

தூணையும் குறை சொல்லவில்லை. அது நுளம்பர் கைவரிசை. ஹேமாவதியைத் தலைநகராக வைத்து ஆண்டவர்கள், ஆயிரம் வருடத்துக்கு மேலான சமாச்சாரம். நுளம்பர் தூண் என்றால் சோழர்களுக்கே ஆசை. திருவையாற்றுக் கோயில் வளாகத்தில் இருக்கும் தென்கயிலாயத்தில் இன்றும் அந்தத் தூண்கள் நிற்கின்றன. இராஜ்ஜியத்தோடு தூணையும் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு அழகு! அப்படிப்பட்ட தூணிடம் வந்து அதன் அடியில் கைக்குட்டை நுழைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவது என்ன நியாயம்? கண்ணைக் கொஞ்சம் மேலே ஏற்றி அந்தத் தூணின் பட்டைகளையும் பாருங்களேன்.

"சரி, அதியமான் கோட்டை எங்கே?" என்று அடுத்து கேட்பார்கள். எங்கள் ஊரின் பழைய பெயரான தகடூர் பெரிய பெயர். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவனின் ஊர். அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் முட்டிக்கொண்டிருந்தார்கள். 1981-ல் திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சிதான் அது என்று காட்டியது. ஆனால் அவன் அரண்மனையை இங்கே தேடாதீர்கள். பழைய மனிதர்கள் இங்கே வேறு விதமாக மிஞ்சியிருக்கிறார்கள். நடுகல்லாக.

அதற்கு நகருக்குள்ளேயே இருக்கும் தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்குப் போக வேண்டும். லீவு நாள் விசாரித்துக்கொண்டு போங்கள், நான் ஒருமுறை பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். உள்ளே கல்லாக நிற்பவர்களில் பலர் மாட்டுச் சண்டையில் செத்தவர்கள். அந்தக் காலத்தில் மாட்டு மந்தைக்குத் "தொறு" என்று பெயர். தொறு கவரப் போனவன், தொறு மீட்கப் போனவன், இரண்டு பேருக்கும் கல் உண்டு. ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், சிலர் உடம்பில் தைத்த அம்பு. பல கற்களில் காலடியில் ஒரு கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் இருக்கும். செத்தவனுக்குத் தாகம் எடுக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், அதைச் செதுக்கவும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கெண்டியைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

எழுத்து வட்டெழுத்து. நம்மால் படிக்க முடியாது என்று நகர்ந்துவிடாதீர்கள். கல்வெட்டு படிக்கிற நண்பர் ஒருவர் எனக்கு ஒரே ஒரு சொல் சொல்லிக் கொடுத்தார். பெரும்பாலும் வாசகம் "பட்டான் கல்" என்றுதான் முடியும். கடைசியில் இருக்கும் "கல்" என்ற சொல்லை மட்டும் தேடு என்றார். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழுந்து வரும். மூன்றாவது கல்லில் நானே கண்டுபிடித்துவிட்டேன். ஐம்பது வயதில் மறுபடி ஒன்றாம் வகுப்பு பாஸ் ஆன சந்தோஷம்.

அதைப் பார்த்த பிறகு ஊர்ப்பக்கம் போகும்போது வரப்போரத்தில், புளியமரத்தடியில் மஞ்சள் பூசிய நடுகல்லாக நிற்கிற வேடியப்பன் சாமி வேறு ஆளாகத் தெரிவார். சின்ன வயதில் பொங்கல் வைத்துக் கும்பிட்டதோடு சரி. அவரும் மாட்டுக்காகச் செத்த ஒருவர்தான் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தில் எனக்கும் நண்பர்களுக்கும் தகராறு உண்டு. இப்போது மரபு நடை என்று கூட்டமாக அழைத்துப் போகிறார்கள். நல்ல காரியம், நானும் போயிருக்கிறேன். ஆனால் முப்பது பேர் சுற்றி நிற்கும்போது முன்னால் நிற்கிறவரின் முதுகுதான் நமக்குச் சிற்பம். முதல் தடவை தெரிந்தவரோடு போங்கள். அப்புறம் பத்துத் தடவை தனியாகப் போங்கள், கையில் பட்டியல் இல்லாமல். ஒரு நாளைக்கு ஒரு தூண், ஒரு கல் போதும். "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" என்று போடுகிறவர்கள் ஒரு இடத்தையாவது பத்துத் தடவை பார்த்திருப்பார்களா?

தனியாக நடப்பது சுலபம் என்றும் சொல்ல மாட்டேன். நம் ஊரில் நடைபாதை இருக்கிற இடத்தில் தள்ளுவண்டி, தள்ளுவண்டி இல்லாத இடத்தில் பைக். அதிகாலை ஆறு மணிதான் மனிதன் நடக்க ஏற்ற நேரம். குமாரசாமிப்பேட்டை வரை போய்விட்டால் முருகன் கோயில். தைப்பூசத்தில் பெண்கள் மட்டுமே வடம் பிடித்துத் தேர் இழுக்கிற கோயில் அது. அந்தச் சமயத்தில் வந்தால் நடைக்கு வேறு காரணமே தேவையில்லை. கழுத்தைத் தூக்கித்தான் பார்ப்பேன் என்று அடம் பிடிப்பவர்கள் டவுன் பஸ் ஏறி அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போகலாம், மேலே பழைய ஓவியங்கள் இருக்கின்றன.

கிருஷ்ணகிரிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கோட்டை மலையை விட்டுவிட்டேன் என்று. 1791-ல் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல் படையோடு வந்தே மேலே ஏற முடியாமல் திரும்பினார். என் மூட்டை மட்டும் குறை சொன்னால் எப்படி?

மச்சான் நேற்று போன் செய்தார். சும்மா இருக்க முடியாமல் அந்தக் குரங்கின் படத்தை அவருக்கு அனுப்பி வைத்திருந்தேன். "இது எங்க மாமா?" என்றார். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன அதே கோயில்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், பொங்கல் லீவுக்கு வரேன், ஒகேனக்கல் வேண்டாம் என்றார்.

அவருக்காக இன்னொரு ஸ்டூல் வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கல் வரைக்கும் அது சும்மாதான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கோட்டைக் கோயில் வாசலுக்கு யார் வந்தாலும் உட்காரலாம். டீ மட்டும் உங்கள் செலவு.