சீட்டு நகல் இருந்தால் அமெரிக்காவுக்கு மாத்திரை அனுப்பலாமா?

“டாக்டர் சீட்டு நகலோடு 90 நாள் மருந்தை அமெரிக்காவில் யாருக்கும் கூரியரில் அனுப்பலாம்” என்ற வாட்ஸ்அப் தகவல் பாதி உண்மை. அதுதான் சிக்கல்.

அங்கேயே வசிப்பவருக்கு இது பொருந்தாது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெறாத வெளிநாட்டு மருந்தை வரவழைப்பது பொதுவாகச் சட்டவிரோதம். கடுமையான நோய்க்கு அங்கே சரியான சிகிச்சை இல்லாதபோது மட்டும் அதிகாரிகள் விட்டுக்கொடுக்கலாம். அது உரிமை அல்ல. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அங்கேயே கிடைப்பதால் அந்தச் சலுகைக்குள் வராது.

பிள்ளைகளைப் பார்க்க விசாவில் போயிருக்கும் பெற்றோர் கதை வேறு. போகும்போதே 90 நாள் மருந்தைக் கையில் கொண்டுபோகலாம். அதற்குமேல் தங்கினால் ஊரிலிருந்து பார்சலில் வரவழைக்கலாம். பாஸ்போர்ட், விசா நகல்கள், ஆங்கிலத்தில் மருத்துவர் கடிதம், மருந்துச்சீட்டு, சொந்த உபயோகத்துக்கு என்ற குறிப்பு ஆகியவை பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெறுநர் பெயரும் சீட்டிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். மகன் பெயருக்கு அனுப்பினால் அது அப்பாவின் மருந்து என்று எப்படித் தெரியும்?

கடிதத்தில் பிராண்டுப் பெயரோடு மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக்), மில்லிகிராம், தினசரி அளவு மூன்றும் வேண்டும். நம் பிராண்டுகள் பல அங்கே யாருக்கும் தெரியாது. மாத்திரைப் பட்டையை (ஸ்ட்ரிப்) வெட்டினால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். முழுப் பட்டையாகவே வையுங்கள். பார்சலில் மருந்தை வைத்துவிட்டு “ஸ்வீட்ஸ்” என்று எழுதி அனுப்புவது பொய் அறிவிப்பு.

அல்பிரசோலம், டிரமடால், கோடீன் போன்ற, அடிமையாக்கக்கூடியவை என்பதால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைச் சீட்டு இருந்தாலும் தபாலில் அனுப்பக் கூடாது. அவற்றுக்கு அங்குள்ள மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.