"முதல்ல வாங்க தம்பி, சம்பளத்தைப் பிறகு பேசிக்குவோம்"

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மலையகத் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை கேட்டுக் கொழும்பு முதலாளிகளுக்குப் போன் எடுத்தால் கிடைக்கிற பதில் இதுதான். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. எதை நம்பி வருவது? வேலை உறுதியில்லாதவனுக்குப் போர்டிங் கொடுக்க யோசிக்கிறார்கள். கொடுத்தாலும் மாதக்கணக்கில் முற்பணம் கேட்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் "எங்க வேலை, கடிதம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த வேலைக் கடிதத்தைத்தானே இந்த முதலாளிகள் தரமாட்டேன் என்கிறார்கள்!

இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிற அழகைப் பாருங்கள். முந்தின நாள் பின்னேரம் போன் வரும்: "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்துருங்க." ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தோட்டத்தின் மேல் டிவிசனில் (மேல் பிரிவில்) இருக்கிறவர் நடுச்சாமத்தில் த்ரீவீல் பிடித்து டவுனுக்கு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் அதுவும் போச்சு. அடித்துப் பிடித்துப் போய் நின்றால், பெயர் என்ன, ஊர் எது, சிங்களம் பேசத் தெரியுமா, அவ்வளவுதான் கேள்வி. இதை ஒரு வட்ஸ்அப் கோலில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கடிதத்தில் அறிவித்தாலும் கஷ்டம்தான். வீட்டு இலக்கமே இல்லாத லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இன்னும் இருக்கின்றன. கடிதங்கள் தோட்டத்து ஒபிசில் மொத்தமாக இறங்கும்; யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. இன்டர்வியூ திகதி முடிந்தபிறகு கைக்கு வந்த கடிதத்தை வைத்து என்ன செய்வது? டவுனில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைப் போட்டால், அடையாள அட்டையோடு ஒத்துவரவில்லை என்று தட்டிக்கழிக்கிறார்கள். ஆகவே விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். நிரந்தர முகவரி அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும், தோட்டம், டிவிசன் பெயரின் எழுத்துக்கூட்டல் உட்பட. தபால் முகவரி வேறு. கிராம சேவகர் சான்றிதழில் பிரதேச செயலாளரின் கையொப்பத்தையும் வாங்கிவிட்டுப் புறப்படுங்கள். அது இல்லை என்று கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பினால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண்.

எல்லாவற்றையும் விட வயிறு எரிவது கொழும்புப் புறக்கோட்டைப் பக்கத்துக் கடை விளம்பரங்களைப் பார்க்கும்போதுதான். "தங்குமிடம், சாப்பாடு இலவசம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சம்பளம் எவ்வளவு என்று இருக்காது. 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அந்தத் தொகைக்கே ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் தொழிலாளியின் 8 வீதம் 2,400, முதலாளியின் 12 வீதம் 3,600 சேர வேண்டும். அதற்கு மேல் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900 ரூபாய், முழுக்க முதலாளியின் பணம். "ஆறு மாசம் போகட்டும், பிறகு ஈ.பி.எப். போடுறோம்" என்பது சுத்தப் பொய். தகுதிகாண் காலமானாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் ஈ.பி.எப். கணக்கிடும் சம்பளத்தில் சேரும் என்று ஈ.பி.எப். சட்டமே சொல்கிறது. அதைத்தான் இலவசம் என்று காட்டி ஆள் பிடிக்கிறார்கள்!

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பதவி, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், லீவு எல்லாவற்றையும் வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு. சேரும் நாளில் கட்டாயம் கொடுக்க வேண்டிய விபரத்தை நாலு நாள் முந்தி வட்ஸ்அப்பில் அனுப்ப ஏன் இவ்வளவு தயக்கம்? கொழும்பில் இறக்கிவிட்டால், திரும்பிப்போகக் காசில்லாமல் சொன்ன சம்பளத்துக்கு நிற்பான் என்ற கணக்கு.

பை கட்டுவதற்கு முன் மெசேஜில் கேளுங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, எத்தனை மணிக்குக் கடை மூடுவார்கள், படுக்கிற இடம் எது, சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் வெட்டுவார்களா. போனில் சொன்னால், அதையே நீங்கள் எழுதி அனுப்பி "சரிதானே?" என்று கேட்டு, வந்த பதிலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு தொழில் திணைக்களத்துக்குப் போக நேர்ந்தால் கையில் காட்ட அதுதான் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஓ.எல். சான்றிதழ் எதுவானாலும் போட்டோ கொப்பிதான். ஒரிஜினலைக் காட்டுங்கள், உடனே திருப்பி வாங்குங்கள். அடையாள அட்டையை வாங்கி லாச்சியில் பூட்டி வைக்கப் பார்க்கும் கடையில் ஒரு இரவுகூடத் தங்காதீர்கள்.