எரிவாயுக் கிணற்றுக்குப் பக்கத்தில் வீசும் காற்றை யார் அளப்பது?

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு பகுதி இந்தோனீசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குழாய் வழியே வருகிறது. இன்னொரு பகுதி, 2013 முதல், திரவமாகக் கப்பலில் வந்து ஜூரோங் தீவில் இறங்குகிறது. ஆஸ்திரேலியா, கத்தார், அமெரிக்கா என்று பல நாட்டு வாயு அதில் உண்டு. நிலக்கரியைவிடச் சுத்தம் என்கிறார்கள். நம் மின்நிலையத்துப் புகைபோக்கியை வைத்துப் பார்த்தால் உண்மைதான். வாயு எடுக்கும் இடத்தில், கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிள்ளை குட்டிகளோடு குடியிருப்பவர்களுக்கும் அது சுத்தம்தானா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இதை ஓரளவு ஆராய்ந்திருக்கிறார்கள். தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் ஊர்கள் அவை. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வு, கிணற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 25 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. 3 கிலோமீட்டர் தாண்டினால் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. 2023இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வுகளில், கிணறுகளில் உற்பத்தி நடக்கும் காலத்தில் அருகே வசிக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு 4, 5 மடங்கு வரை கூடியிருந்தது. 1 மைலுக்குள் வாழ்ந்த குழந்தைகளிடம் லிம்ஃபோமா என்ற அரிய புற்றுநோயும் கூடுதலாகத் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 2022இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு தொடர்பு இருப்பதாகச் சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். பயமுறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை.

துளையிடும் எந்திரம் ஊரைவிட்டுப் போனதும் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கிறோம். துளையிடும்போது டீசல் புகை, லாரிகள், மணல் தூசி. அது முடிந்த பிறகும் வாயுவை அழுத்தி அனுப்பும் எந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. தொட்டிகளிலிருந்து பென்சீன் என்ற, புற்றுநோய் தரக்கூடிய ரசாயனம் கசியலாம். மிச்ச வாயுவைக் கொளுத்தும் இடத்தில் இரவெல்லாம் வெளிச்சமும் இரைச்சலும். தூக்கம் கெடுவதும் உடம்புக்குக் கேடுதானே.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவருக்குத் திருவாரூர்ப் பக்கம். அக்கா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எரிவாயுக் கிணறு தெரியுமாம். "அண்ணே, அக்கா மாசமா இருக்கு. ராத்திரியில ஒரு வாடை வருதுங்குது. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை. பென்சில்வேனியா முறை வேறு, காவிரி டெல்டாவில் நடப்பது வேறு; அந்த எண்களைத் தூக்கி அங்கே வைக்க முடியாது. நல்ல மருத்துவரிடம் போகச் சொன்னேன், வாடை வரும் நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தத் தெருவின் காற்றில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டாரிடம் யாரும் சொன்னதில்லை.

என் கோபமெல்லாம் இதில்தான். நோய் வந்தவரிடம் "கிணற்றால்தான் வந்தது என்று நிரூபி" என்கிறோம். துளையிடுவதற்கு முன் காற்று எப்படி இருந்தது, நிலத்தடித் தண்ணீர் எப்படி இருந்தது என்று அளந்து வைக்காத ஊரில் அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? அளக்கவேண்டியது துளையிடுபவர். 2017இல் தமிழ்நாட்டின் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை எதிர்த்துச் சனங்கள் தெருவுக்கு வந்ததை வளர்ச்சிக்கு எதிரானது என்று பேசியவர்கள் நம்மிடையேயும் உண்டு. 2020இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. நல்லது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளுக்கு அந்தத் தடை இல்லை. அந்த அக்கா பார்க்கும் கிணறு அப்படிப்பட்டது.

"டெல்டா வாயு இங்கே வருவதில்லையே, நாம் என்ன செய்வது?" என்று கேட்கலாம். சரி. வேறு யாரோ ஒருவர் வாசலில் எடுத்த வாயு வருகிறதே. 2013 ஜூன் மாதத்தில் புகைமூட்டக் குறியீடான பிஎஸ்ஐ 400ஐத் தாண்டியபோது நாம் எப்படித் துடித்தோம்? மணிக்கொரு முறை எண்ணைப் பார்த்தோம், முகக்கவசத்துக்கு வரிசையில் நின்றோம். மறு ஆண்டே, வெளிநாட்டில் தீ வைத்து இங்கே புகை அனுப்பும் நிறுவனத்தையும் தண்டிக்கலாம் என்று சட்டம் வந்தது. எல்லை தாண்டிப் பொறுப்புக் கேட்கலாம் என்பதை ஏற்றுக்கொண்ட நாடு இது. நம் மூக்குக்குப் புகை வந்தால் மட்டும்தான் கேட்போமா?

இப்போது மின்நிலையங்களுக்கெல்லாம் சேர்த்து எரிவாயு வாங்க அரசாங்கமே ஒரு நிறுவனத்தை அமைத்திருக்கிறது. மொத்தமாக வாங்குபவர் சொன்னால் விற்பவர் கேட்பார். கிணற்றுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம், பக்கத்துக் காற்றில் பென்சீன் எவ்வளவு, துளையிடும் முன் எடுத்த அளவு எங்கே என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் கேட்கட்டும். பதிலை நம் பிஎஸ்ஐ எண்ணைப்போல எல்லாரும் பார்க்கும்படி போடட்டும். கட்டணம் கொஞ்சம் ஏறினால் நான் கட்டுகிறேன். அடுத்த மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் எங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் தொகுதியிலும் யாராவது கேளுங்கள்.