வாத்தியார் எல்லாருக்கும் லட்ச ரூபாயா?

'அரசுப் பள்ளி ஆசிரியர் எல்லாருக்கும் மாதம் லட்ச ரூபாய், தேர்ச்சி மட்டும் தனியாரில்' என்றொரு வாட்ஸ்அப் செய்தி வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் சுற்றுகிறது. தவறு. லட்சத்தைத் தொடுகிறவர்கள் பல வருடம் வேலை பார்த்த மூத்தவர்கள். 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்) அடிப்படை ஊதியம் 5,200 என்று வைத்தார்கள். முந்தைய நாள் வரை சேர்ந்தவருக்கு 8,370. வேலை ஒன்றுதான்! 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அவர்கள் போராடுவது இதற்குத்தான். 2012-இல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களோ மாதம் 5,000 ரூபாயில் தொடங்கினார்கள்.

சரி, தேர்ச்சி? தனியார் பள்ளிக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். மாநகராட்சிப் பள்ளி வருகிற எல்லாரையும் சேர்க்கிறது. அமெரிக்காவில் பள்ளிகளை ஆராய்ந்து 1966-இல் வந்த கோல்மன் அறிக்கையே, மதிப்பெண் வித்தியாசத்தில் பள்ளிச் செலவைவிடக் குடும்பச் சூழலுக்குப் பங்கு அதிகம் என்றது.